கல்யாணமாகாத பிள்ளைகளின் வரிசை

ஜனவரி 9

அன்புத் தங்கை வாலுவுக்கு,

உன் உடம்பும், மாப்பிள்ளையின் இடுப்பு வலியும், சின்னவனின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது. எனக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறு நோய் இல்லை. அதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லையாம்.

நீ வேலை பார்க்கும் ஓட்டல் சலவைப் பிரிவின் விலாசத்துக்கு ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுக் கூடத்து நடுவில் வைத்துவிடுகிறாள். அவள் காதுக்குத் தப்பி உன்னிடம் ஒரு தும்மல்கூடத் தும்ம முடிவதில்லை.

புது வீட்டுப் புகைப்படம் வந்தது. மாப்பிள்ளை வாசலில் நின்று சாவியைத் தூக்கிக் காட்டுகிறார். நல்ல மனிதர், பஸ் ஓட்டிக் கஷ்டப்பட்டு வாங்கிய வீடு, எல்லாம் சரி. ஆனாலும் அந்தச் சாவியைப் பார்த்ததும் காதில் புகை வந்ததை உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் உன்னைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டே வருடத்தில் விசா கைக்கு வந்தது. நான் பதினொரு வருடமாகக் கல்யாணம் செய்துகொள்ளாமல் அதே விசாவுக்கு நிற்கிறேன்.

உனக்குத் தெரியாத சட்டமில்லை, புலம்பினால் கொஞ்சம் ஆறும் என்பதால் சொல்கிறேன். பெரியம்மா அழைத்து அம்மா அங்கே போனபோது நீ சின்னப் பெண், அவளோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டாய். எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. போன கையோடு அம்மா எனக்காக மனுப் போட்டாள். அவள் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கலாமே தவிர, அந்த நாட்டுக் குடிமகள் இல்லை. அப்படிப்பட்டவள் கல்யாணமாகாத பிள்ளையை மட்டும்தான் அழைக்கலாம். நான் இன்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டால் மனு இன்றோடு செத்தது. அம்மா குடியுரிமை எடுத்த பிறகு கட்டிக்கொண்டால் மனு சாகாது, வரிசை மட்டும் நீளும். நீ குடிமகள்தான், நீயும் என்னை அழைக்கலாம்தான். ஆனால் உடன்பிறந்தவர்களின் வரிசை நகர்ந்து முடிவதற்குள் எனக்கே பல்செட் தேவைப்படும். ஆக, என் கல்யாணம் அம்மாவின் குடியுரிமைத் தேர்வில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவையாவது பாஸ் செய்வாளா?

இங்கே பல் கட்டும் கூடத்தில் வேலைக்குக் குறைவில்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ஊராருக்கெல்லாம் புதுச் சிரிப்பு செய்து அனுப்புகிறேன். கண் கொஞ்சம் மங்கியதால் அடுத்த தெருக் கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி வாங்கினேன். காது வலித்தது, மறுபடி போனேன். மூக்கில் வழுக்கியது, மறுபடி போனேன். அங்கே கண் பரிசோதிக்கும் பெண் ரொம்பப் பொறுமைசாலி.

எல்லாரையும் கேட்டதாகச் சொல். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இவருக்கு இடுப்பு ஓரளவு வளைகிறது. சின்னவனின் இருமல் பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் மட்டும் வருகிறது. அம்மா நன்றாக இருக்கிறாள், தேர்வில்தான் மறுபடி போய்விட்டது.

அதிகாரி இந்த நாட்டின் தலைநகர் எது என்று கேட்டாராம். அம்மா எங்கள் தெருவின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். எதற்காகக் குடியுரிமை கேட்கிறீர்கள் என்றதற்கு, "என் பொண்ணு கூட்டிட்டு வந்தா" என்றாளாம். வெளியே வந்து, "வயசாயிடுச்சுடி, எதுவும் மண்டையில நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் காரில் நிம்மதியாகத் தூங்கினாள். மார்ச்சில் மறுபடி கூப்பிடுவார்கள்.

புகை உன் காதில் மட்டும்தான் வருகிறது என்று நினைக்காதே. அம்மாவின் அறையில் உன் படம் மூன்று இருக்கிறது. என் கல்யாணப் படம் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறது, ஆணி கிடைக்கவில்லையாம். நான் விடியுமுன் எழுந்து போய், நாள் முழுக்க ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்து டீ போட்டுக் கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு, "ராஜாவா இருந்தா இஞ்சி தட்டிப் போட்டிருப்பான்" என்கிறாள். நீ அவளுக்கு ராஜா. என்னைக் கூப்பிட 'ஏய்' போதும். நீ பக்கத்தில் இல்லாததால் குறையே இல்லாத பிள்ளை ஆகிவிட்டாய். நான் கண்ணெதிரிலேயே நடமாடுவதால் என் குறைகள் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. நீ இங்கே வந்து சேர்ந்தால் அம்மாவுக்கு என் முகமாவது நினைவிருக்குமா என்று சில சமயம் யோசிப்பேன்.

அது போகட்டும். ஒரு கண்ணாடிக்கு மூன்று தடவை கடைக்குப் போன ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வழுக்கியது கண்ணாடியா, நீயா?

நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு


பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், முக்கியமாக நீ வாயை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். அடுத்தவர் வாயைப் பிடுங்குவதில் நீ அம்மாவுக்குத் தப்பாத பெண்.

ஆமாம், வழுக்கியது நான்தான். ஆறு மாதமாகப் பழக்கம். முதல் நாள் அவள் லென்ஸை மாற்றி மாற்றி, "முதல்ல காட்டினதா, ரெண்டாவதா, எது தெளிவா இருக்கு?" என்று கேட்டாள். எழுந்து போக மனமில்லாமல் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் விளக்கைப் போட்டு, "உங்க கண்ணுல பெரிசா ஒண்ணுமில்ல. நீங்க பொய் சொல்றீங்க" என்றாள். அன்றிலிருந்து அவளிடம் பொய் சொல்வதை விட்டுவிட்டேன். எனக்கு முப்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தைந்து. பல் கூடத்தில் எல்லாரும் அவளைக் கண்ணாடிக்காரி என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

விசா விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "அப்ப உங்க அம்மா பரீட்சை பாஸ் பண்ணாத்தான் எனக்குக் கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியைச் சிரிக்காமல் கேட்டாள்.

என் பக்கத்து மேஜைக்காரன் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, வியாழக்கிழமை மிட்டாயோடு வந்து நிற்கிறான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எந்த அலுவலகத்துக்கும் விளக்கம் எழுதவில்லை. அந்த மிட்டாயை வாயில் போட்டேன், கசந்தது.

அம்மாவிடம் மூச்சு விடாதே.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே உடம்புகள் எல்லாம் நலம், மனசுகள்தான் சரியில்லை. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. படித்து முடித்தபின் வேறு ஒன்றுக்குக் கோபித்துக்கொள்வாய்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. அன்று சின்னவனுக்கு நான் சோறு ஊட்டுவதைப் பார்த்து, "ராஜா சின்னதுல ஒரு பருக்கை சிந்த மாட்டான்" என்றாள். உன் முப்பத்தெட்டு வருடத்துப் பருக்கைகளும் என் மேல் வந்து விழுந்ததுபோல் இருந்தது. "உன் ராஜா அங்க ஒரு கண்ணாடிக்காரியோட சுத்திட்டு இருக்கான், தெரியுமா?" என்று வாயில் வந்துவிட்டது. அம்மா கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

எனக்கும் உன் மேல் வருத்தம்தான். ஆறு மாதம் ஒருத்திக்குத் தெரிந்த விஷயம் எனக்கு நான் கேட்ட பிறகுதானே தெரிந்தது. நீ எனக்கு முதலில் சொன்னவை என்று ஒரு காலத்தில் நிறைய இருந்தன.

தேர்வில் மறுபடி போய்விட்டது. கொடியில் என்னென்ன நிறம் என்று கேட்டதற்கு அம்மா தன் சொந்த யோசனையாக ஒரு நிறத்தைச் சேர்த்திருக்கிறாள். நூலகத்தில் இவளுக்குக் குடியுரிமை வகுப்பு எடுக்கும் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை.

வாலு


ஏப்ரல் 16

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

டீச்சர் என்ன சொன்னார்? அரைகுறையாக எழுதி உறையை ஒட்டுகிற பழக்கத்தை எங்கே கற்றாய்?

கண்ணாடிக்காரியின் முதலாளி வேறு ஊரில் கிளை திறக்கிறார். அவளைப் பொறுப்பாளராகப் போகச் சொல்கிறார். செப்டம்பருக்குள் சொல்ல வேண்டுமாம். நேற்று பல் கூடத்து வாசலில் நின்று, "எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. உங்களையும் பிடிச்சிருக்கு. ரெண்டுல ஒண்ணு எனக்கு நிஜமாக் கிடைக்கணும்" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அம்மாவின் தலைநகர் என் தங்கையின் தெருவில் இருக்கிறது என்றா?

உடனே எழுது.

அண்ணன்


மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கோபம் நலமாக இருப்பது தெரிகிறது. இங்கே நாங்களும் நலம்.

டீச்சர் சொன்னது இதுதான்: "உங்க அம்மா இல்லேன்னா என் வகுப்பே நடக்காது. யாருக்குப் பதில் மறந்தாலும் அவங்கதான் எடுத்துக் கொடுப்பாங்க. ஆபீசர் முன்னாடி மட்டும் ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்குப் புரியல."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல், "அம்மா, இந்த நாட்டுக்குத் தலைநகர் எது?" என்றேன். சட்டென்று சொன்னாள். கொடியின் நிறம் கேட்டேன், சொன்னாள். சட்டசபைக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். எனக்கே தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்ப ஆபீசர்கிட்ட ஏன் உளறினே?"

"அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கல."

"அம்மா."

கொஞ்ச நேரம் சின்னவனின் சட்டையை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் குடியுரிமை எடுத்த உடனே அவன் எவளையாவது கட்டிப்பான். கட்டினா வரிசை இன்னும் பத்து வருஷம் நீளும். அதுவரைக்கும் நான் இருப்பேனா? இருந்தாலும் அவன் தனியாவா வருவான்? எனக்கு என் பிள்ளை முழுசா வரணும். பங்கு போட்டுக்கிட்டு வர வேண்டாம்."

"கண்ணாடிக்காரி விஷயம் உனக்கு இப்பத்தானே தெரியும். அதுக்கு முன்னாடியும் தோத்தியே?"

"அந்த வயசுல ஒருத்தி இல்லாமலா இருப்பா?" என்றாள்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது பொறாமை. என்னை வீட்டில் வைத்துக்கொள்வதற்காக அம்மா ஒரு தேர்விலும் தோற்றதில்லை. இவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது, "சரி, நல்ல பையனாத் தெரியுறான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவள்.

அடுத்த தேர்வு ஆகஸ்ட் ஐந்து. நான் என்ன சொன்னாலும் அவள் கேட்க மாட்டாள். நீயே எழுது.

வாலு


மே 24

அம்மாவுக்கு,

வணக்கம். உன் உடல்நலம் பற்றி வாரம்தோறும் போனில் கேட்கிறேன், இன்று கேட்கப்போவது வேறு.

உனக்கு எல்லாப் பதிலும் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாலுவைத் திட்டாதே. அவள் சொல்லாவிட்டாலும் ஒருநாள் தெரிந்திருக்கும், ஏனென்றால் நீ முட்டாள் இல்லை என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

நீ என்மேல் வைத்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதினொரு வருடமாக ஒரு ஒற்றை அறையில், ஒற்றைத் தட்டோடு இருக்கிறேன். எந்தப் பெண் சிரித்தாலும் சட்டத்தை நினைத்துக்கொண்டு தலையைத் திருப்பியிருக்கிறேன். கண்ணாடிக்காரியிடம் என்னால் திருப்ப முடியவில்லை. நாங்கள் ஆகஸ்ட் வரை காத்திருக்கிறோம். நீ குடியுரிமை எடுத்தால் அதற்குப் பிறகு நாங்கள் கல்யாணம் செய்துகொண்டு, எவ்வளவு நீண்டாலும் அந்த வரிசையில் இரண்டு பேராக நிற்போம். இந்தத் தடவையும் நீ தலைநகரத்தை மறந்தால், அதோடு காத்திருப்பது முடிந்தது. நாங்கள் கல்யாணம் செய்துகொள்வோம், மனு செத்துப்போகும், நான் வரவே மாட்டேன். தாமதமாக வரும் பிள்ளை வேண்டுமா, வராத பிள்ளை வேண்டுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் ராஜா


ஜூன் 14

ராஜாவுக்கு அம்மா எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ இளைத்திருப்பாய், எழுத்திலேயே தெரிகிறது.

நீ மிரட்டி எழுதியதை நாலு தடவை படித்தேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்காதே. பார்க்காதவளை எப்படிப் பிடிக்காமல் போகும்? ஆனால் நீ எழுதிய இடத்தில் எல்லாம் 'நாங்கள், நாங்கள்' என்று வருகிறது. அந்த 'நாங்கள்' என்பதில் நான் இல்லை. நீ பேசப் பழகிய நாளிலிருந்து என்னை விட்டுவிட்டு இப்படிச் சொன்னது இல்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நான் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? இந்தக் குளிருக்காகவா, வாய்க்கு விளங்காத பாஷைக்காகவா? நெடுநாள் வெளியே போய் இருந்தால் என் உரிமை போய்விடும், அதோடு உன் மனுவும் போய்விடும் என்றார்கள். அதனால்தான் இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறை, மூன்று வாரம் வந்து உன்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். உன் மனுவை அடைகாத்துக்கொண்டு இருக்கிறேன். வாலு வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் இது அவள் வீடு.

அவள் சமைப்பாளா? அவள் கண்ணாடி போட்டவளா, கண்ணாடி விற்கிறவள் மட்டும்தானா? உயரமா? கோபக்காரியா? நீ படுத்தபடியே படித்தால் புத்தகத்தைப் பிடுங்குவாளா?

வராத பிள்ளை எனக்கு வேண்டாம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பார்க்கலாம்.

அம்மா


ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலமாக இருக்கிறீர்களா? நான் பல வருடத்துக்குப் பிறகு நலமாக இருக்கிறேன்.

அம்மா எழுதியிருக்கிறாள். பாஸ் செய்துவிடுவாள் போலிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கண்ணாடிக்காரியிடம் காட்டினேன். "புத்தகத்தைப் பிடுங்குவேன்னு சொல்லுங்க" என்றாள். அவள் முதலாளியிடம் கிளைக்குப் போகவில்லை என்று சொல்லப் போகிறாள், எனக்காக.

பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். ஆகஸ்ட் ஆறாம் தேதி காலைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. ஐந்தாம் தேதி அம்மா பாஸான உடனே எனக்குப் போன் செய். மறுநாளே பதிவுசெய்துகொள்கிறோம். இனி ஒரு நாள்கூடக் கடத்த எனக்குப் பொறுமையில்லை. அம்மாவிடம் 'மறுநாள்' என்று சொல்லிவிடாதே, அவள் காதில் விழுந்தால் அன்றே காய்ச்சலில் படுத்துவிடுவாள். நானே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்கிறேன். அம்மா பாஸ் செய்துவிட்டால் அவள் குடிமகள், அதற்குப் பிறகு நான் கட்டிக்கொண்டால் மனு பிழைத்துக்கொள்ளும். சரிதானே? நீ இதையெல்லாம் தாண்டி வந்தவள், உனக்குத் தெரியும். உடனே எழுது.

அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாருக்கும் சுகம் என்று எழுத முடியாது. சின்னவனுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். இவருக்குப் பஸ்ஸில் மாலை ஷிப்ட். புது வீட்டில் குழாய் ஒழுகுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறோம். ஓட்டலில் கூட்டம் அதிகம், விரிப்புகளை மடித்து மடித்து விரல் நுனி தேய்ந்துவிட்டது.

அம்மா கூடத்தில் சத்தம் போட்டுப் படிக்கிறாள். இவள் படிப்பதைக் கேட்டுச் சின்னவனுக்கே எல்லாப் பதிலும் மனப்பாடம். நேற்று என்னிடம், "ராஜா வந்தா எந்த ரூம் கொடுப்பே?" என்று கேட்டாள். சின்னவனின் அறை என்றேன். "அது சின்னதா இருக்கே. என் ரூமை அவனுக்குக் கொடுத்துட்டு நான் கூடத்துல படுத்துக்கறேன்" என்றாள். உன் மனைவியும் வருவாள் என்று நினைவுபடுத்தினேன். மறுபடி சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாம் தேதி போன் செய்கிறேன்.

வாலு


ஆகஸ்ட் 22

தங்கைக்கு,

சின்னவனின் காய்ச்சல் விட்டதா? அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

ஐந்தாம் தேதி நீ போனில் "அம்மா பாஸ்" என்றாய். அம்மா போனை வாங்கி, "எல்லாம் சரியாச் சொன்னேன் ராஜா" என்று அழுதாள். நானும் அழுதேன். மறுநாள் காலை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து மேஜைக்காரன்தான் சாட்சி. நேற்று கல்யாணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, மனுவில் மனைவி பெயரைச் சேர்க்க வக்கீலிடம் போனேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க அம்மா சத்தியப் பிரமாணம் எடுத்த தேதி என்ன?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பாஸானால் மட்டும் குடிமகள் இல்லையாம். அதற்குப் பிறகு ஒரு நாள் அழைத்து, எல்லாரையும் நிற்கவைத்துச் சத்தியப் பிரமாணம் வாங்குவார்களாம். அந்த நிமிடத்தில்தான் குடியுரிமை. அதற்கு முன்னால் நான் கட்டிக்கொண்டதால் மனு கட்டிக்கொண்ட அன்றே செத்துவிட்டது. கல்யாணத்தை ரத்து செய்தாலும் எழுந்திருக்காது. அம்மா குடிமகளாகிப் புதிதாகப் போடலாம், வரிசையின் கடைசியிலிருந்து.

நீ தேர்வு எழுதினாய், காத்திருந்தாய், பிறகு சத்தியம் செய்தாய். இடையில் ஒரு இடைவெளி உண்டு என்று உனக்குத் தெரியும். நான் 'சரிதானே' என்று கேட்டு எழுதினேன். நீ குழாய் ஒழுகுவதை எழுதினாய். ஏன்?

இதற்கு மேல் எழுதினால் நல்லதாக வராது.

அண்ணன்

நாத்தனாருக்கு, நான் கண்ணாடிக்காரி. இவர் கோபத்தில் பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது, மன்னிக்கவும். எனக்கு அந்த நாட்டின்மேல் ஆசை இருந்ததே இல்லை. இவருக்கு அம்மாவிடம் போக வேண்டும் என்பதால் சரி என்றேன். அத்தையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். நான் உயரமில்லை என்றும் சொல்லுங்கள்.


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மற்றபடி இந்த வீட்டில் யார் நலம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். 'சரிதானே' என்ற வரியைப் படித்தேன். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போதுதான் அம்மா வந்து, ராஜாவுக்கு எந்த ரூம் என்று கேட்டாள். அதன்பிறகு குழாயைப் பற்றி எழுதிவிட்டு உறையை ஒட்டினேன். இதற்குமேல் என்னைக் கேட்காதே.

சத்தியப் பிரமாணத்துக்கு அம்மாவுக்கு இந்த மாதம் இருபதாம் தேதி கொடுத்திருந்தார்கள். புது உடுப்பு வாங்கி வைத்திருந்தாள். உன் கல்யாணத்தை நீ போனில் மெதுவாகச் சொன்னாயே, அன்று கேட்டுக்கொண்டாள். மறுநாள் நூலகத்துக்குப் போய் டீச்சரிடம் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டு வந்தாள். வந்து என்னைப் பார்த்து, "சத்தியம் பாக்கி இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா? நீ சொல்லலையா?" என்றாள். நான் சின்னவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாரிக்கொண்டே இருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

சாயங்காலம் பெட்டியை எடுத்தாள். "அவனைக் கூப்பிடத்தானே இங்க காவல் இருந்தேன்? இனி எனக்கு எதுக்கு இந்த நாடு? நான் போறதுக்கு விசா வேணுமா, வரிசை வேணுமா?" என்றாள். புதுசாக மனுப் போடலாம் என்று சொன்னேன். "அது வர்றப்ப நான் இருக்க மாட்டேன்" என்றாள். அண்ணா, இத்தனை வருடம் நீ வர வேண்டும், நீ வர வேண்டும் என்றே எல்லாரும் நின்றோம். உன் மனுதான் அவளை என் வீட்டில் கட்டி வைத்திருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ வராவிட்டால் அவள் எனக்கே எனக்கென்று இருப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"என்னை விட்டுட்டுப் போறியா?" என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"உனக்கென்னடி, புருஷன் இருக்கான், பிள்ளை இருக்கு."

"அவனுக்கும்தான் இப்பப் பொண்டாட்டி இருக்கா."

"அதுக்குத்தான் போறேன்" என்றாள்.

நாளை மறுநாள் விமானம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவள் உங்கள் வாசலில் நிற்பாள். உன் ஒற்றை அறையில் மூன்று பேர் எப்படிப் படுப்பீர்கள் என்று தெரியவில்லை, ஆனாலும் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணி, நீங்கள் நல்லவர் என்று எழுத்திலேயே தெரிகிறது. அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. இனி வரும் பாரா அண்ணனுக்கு மட்டும்.

அண்ணா, அம்மாவுக்கு விடியற்காலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கத்த மாட்டாள், யாரையும் எழுப்பவும் மாட்டாள், போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். கட்டில் லேசாகக் கிறீச்சிடும், அதைக் கேட்டு எழுந்து போய்க் கால் கட்டைவிரலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் விடும். அப்போது மட்டும் என்னை 'கண்ணு' என்பாள். இது அவள் என்னிடம் சொன்னதல்ல, பக்கத்தில் இருந்ததால் நானாகத் தெரிந்துகொண்டது. நீ எழுந்து போய்ச் செய். அண்ணிக்குச் சொல்லிக் கொடுக்காதே.

வாலு